முடிவைக் கேட்பது பேராசை இல்லை, சேர்

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் நடந்ததை நான் முழுதாக விவரிக்கப் போவதில்லை. வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள். வராதவர்களுக்கு அன்று இரவே செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். திருகோணமலை அவ்வளவு பெரிய ஊர் இல்லை. எழுதுவதா விடுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். விட மனம் வரவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடங்கிய கதையின் முடிவைக் கேட்பது பேராசை இல்லை. சின்னப்பிள்ளைத்தனமும் இல்லை.

அந்தத் தம்பிக்குப் பத்தொன்பது வயது. நாலு பேர் முன்னால் எழும்பிக் கதைப்பது அவனுக்கு அன்றுதான் முதல் தடவை. கையில் ஒரு எண்பது பக்கக் கொப்பி. 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' கதையில் வரும் ஸ்டார்க் குடும்பத்தின் வம்சாவளியை நீலப் பேனையாலும் லானிஸ்டர் குடும்பத்தைச் சிவப்புப் பேனையாலும் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு வரைந்திருந்தான். செத்துப்போனவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதும் அந்தக் கதை ஐந்தாம் புத்தகத்தோடு நிற்கிறது, தொலைக்காட்சித் தொடரில் வந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை, ஏன் என்று சொல்கிறேன் என்று தொடங்கினான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அந்தக் கிழவன் எழுதினா என்ன, எழுதாட்டி என்ன? நாட்டில ஆயிரம் பிரச்சினை கிடக்கு. போய் ஒரு வேலையைப் பாருங்கோ தம்பி" என்றீர்கள், சேர். எல்லாரும் சிரித்தார்கள். அவன் கொப்பியை மூடிவிட்டு இருந்தான். பிளேன்ரீ வருவதற்கு முன்னமே போய்விட்டான். நானும் அங்கேதான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

நீங்கள் எனக்கும் படிப்பித்தவர். உங்கள் மேல் உள்ள மரியாதை கொஞ்சமும் குறையவில்லை, அதனால்தான் பெயர் போடாமல் எழுதுகிறேன். ஆனால் அன்று நீங்கள் சொன்னது பிழை.

மார்ட்டினின் இந்தக் கதையில் முதல் புத்தகம் வந்தது 1996-ல். மூன்று புத்தகம் என்று நினைத்துத் தொடங்கியவர், பிறகு அதை ஏழாக்கினார். 2000-க்குள் மூன்று வந்துவிட்டன. நான்காவது 2005. ஐந்தாவது 2011 ஜூலை. அதோடு சரி. ஐந்தாவது வந்தபோது இந்தத் தம்பி பாலர் பாடசாலைப் பிள்ளை. இடையில் அவர் சும்மா இருந்தார் என்று நான் சொல்லவில்லை. அதே உலகத்தின் பழைய அரச வம்சத்தின் வரலாற்றைத் தடித்த புத்தகமாக 2018-ல் தந்தார். அதையும் வாங்கினோம், வாசித்தோம். ஆனால் நாங்கள் விட்ட இடத்தில் கதையின் நாயகர்களில் ஒருவனான ஜோன் ஸ்னோ இன்னும் கத்திக் குத்துப்பட்டுப் பனியில் விழுந்து கிடக்கிறான். இத்தனை வருஷமாக அங்கேயே கிடக்கிறான்.

இதைச் சொன்னவுடனே ஒரு பதில் வரும். எழுத்தாளர் வாசகனின் வேலைக்காரன் இல்லை என்று. 2009-ல் ஒரு பெயர்பெற்ற எழுத்தாளர் இதே மார்ட்டினுக்காகப் பரிந்து அப்படி எழுதினார், அன்றிலிருந்து எல்லாரும் அதையே மந்திரம் மாதிரிச் சொல்கிறார்கள். நான் எப்போது வேலைக்காரன் என்றேன்? கூத்தை நடத்தும் அண்ணாவியார் எங்கள் வேலைக்காரரா? இல்லை. அவருக்கு முன்னால் ஊரே கைகட்டி நிற்கும். ஆனால் பாய் விரித்து, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு, விடிய விடியக் கண்முழித்திருக்கும் சனத்துக்கு முன்னால், மங்களம் பாடாமல் மத்தளத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு அவர் போவாரா? போகமாட்டார். அது வேலைக்காரத்தனம் இல்லை. சபைக்குக் கொடுக்கும் மரியாதை.

பிள்ளையார் கதை படிக்கும் இருபத்தொரு நாளும் எங்கள் அம்மம்மா கோயிலுக்குப் போவார். காய்ச்சல் என்றாலும் போவார். "கதையை இடையில விடக்கூடாது மோனே" என்பார். சொல்கிறவருக்கும் அதுதான் விதி, கேட்கிறவருக்கும் அதுதான் விதி. நாங்கள் இந்த விதிக்குள் வளர்ந்தவர்கள். எங்களுக்கு வலிக்காதா?

அம்மம்மாவைப் பற்றி எழுதத் தொடங்கியதால் இதையும் சொல்கிறேன். எங்கள் வீட்டு ரங்குப் பெட்டியில் பொன்னியின் செல்வன் நான்கு பாகம்தான் இருந்தது. 1990-ல் சண்டைக்குப் பயந்து ஓடியபோது ஐந்தையும் சாரத்தில் கட்டித்தான் எடுத்துப் போனார்களாம். திரும்பி வந்தபோது நாலுதான். ஐந்தாம் பாகமான தியாக சிகரம் எங்கேயோ காட்டில் கிடந்து உக்கியிருக்கும். எனக்குப் பன்னிரண்டு வயது. நான்காம் பாகத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்து நிற்கிறேன். கரிகாலன் கடம்பூர் மாளிகையில். வந்தியத்தேவனும் அங்கே. நந்தினியும் அங்கே. அடுத்த பக்கம் இல்லை. பின் அட்டையின் உட்பக்கத்தில் தாத்தாவின் கையெழுத்தும் கரப்பான் அரித்த ஓட்டையும்தான் இருந்தன.

அம்மம்மாவைக் கேட்பேன். ஞாபகம் இருந்ததைச் சொல்வார், மறந்த இடத்தில் தானே சேர்த்தும் சொல்வார். அவருடைய கதையில் மணிமேகலைக்கும் நல்ல மாப்பிள்ளை கிடைத்துவிட்டான். மூன்று வருஷம் அப்படியே போனது. சமாதான காலத்தில், 2003-ல், மாமா கொழும்பிலிருந்து ஐந்தாம் பாகம் வாங்கி வந்தார். இரண்டு இரவில் முடித்தேன். வந்தியத்தேவனின் மடியில் மணிமேகலையின் உயிர் போகும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். கல்கி மேல் அப்படி ஒரு கோபம். அந்த முடிவு இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. ஆனால் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அன்று அந்தக் கதையை நினைக்காமல் தூங்கினேன். பிடிக்காத முடிவோடு சண்டை போடலாம். இல்லாத முடிவோடு என்ன செய்வது?

கல்கி என்ன செய்தார் என்று பாருங்கள். 1950-லிருந்து 1954 வரை, மூன்றரை வருஷம் வாராவாரம் எழுதினார். முடித்தபோது, திடீரென்று முடித்துவிட்டீர்களே, இன்னாருக்கு என்ன ஆனது, அன்னாருக்கு என்ன ஆனது என்று வாசகர்கள் கேட்டார்கள். அவர் யாரையும் வேலையைப் பார் என்று துரத்தவில்லை. முடிவுரை எழுதினார். அவர்களின் கேள்விகளை எடுத்துவைத்து, யார் யாருக்குப் பின்னால் என்ன நடந்தது என்று பதில் சொன்னார். அதே வருஷம் டிசம்பரில் அவர் போய்விட்டார். கையில் இருந்த அமரதாரா பாதியில் நின்றது. மகள் ஆனந்தி அவருடைய குறிப்புகளை வைத்து அதை முடித்துக் கொடுத்தார். முடிவு கேட்பது வெள்ளைக்காரப் பழக்கம் என்று அன்று பின்வரிசையில் யாரோ சொன்னீர்கள். இல்லை. எங்கள் வாசகர்கள் எழுபது வருஷத்துக்கு முன்னமே கேட்டார்கள். கேட்டவர்களுக்குப் பதிலும் கிடைத்தது.

மார்ட்டின் வயது போன மனிதர், எழுத்து நெருக்கினால் வராது என்பீர்கள். சரி. 1948-ல் பிறந்தவர், எனக்கும் தெரியும். நான் கொஞ்சம் எழுதுகிறவன், வராத நாளில் வராது என்பதும் தெரியும். 2016 ஜனவரியில், சொன்ன தவணைக்கு முடிக்க முடியவில்லை என்று அவரே மனம் வருந்தி எழுதியதை வாசித்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் ரொபர்ட் ஜோர்டன் என்று ஒருவர் இருந்தார். 'வீல் ஒஃப் டைம்' நாவல் வரிசையை எழுதியவர். நோய் தன்னைக் கொண்டுபோய்விடும் என்று தெரிந்ததும், மிச்சக் கதையை வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லி வைத்தார், குறிப்பும் வைத்தார். 2007-ல் இறந்தார். மனைவி இன்னொரு எழுத்தாளரைத் தேடிப் பிடித்தார். பிரண்டன் சாண்டர்சன் என்ற அவர் எழுதிய, அந்தக் கதையின் கடைசிப் புத்தகம் 2013-ல் வந்தது. ஜப்பானில் 'பெர்சர்க்' சித்திரக்கதையை வரைந்த கென்டாரோ மியூரா 2021-ல் திடீரென்று இறந்துபோனார், அவருக்கு அந்த அவகாசமும் கிடைக்கவில்லை. முன்பு ஒரு நாள் நண்பனிடம் முழுக் கதையையும் வாயால் சொல்லியிருந்தார். அந்த ஞாபகத்தை வைத்து நண்பன் இப்போது அதைத் தொடர்கிறார். வழி இருக்கிறது என்றுதான் சொல்ல வருகிறேன். மார்ட்டின் எழுதியே தீரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. முடியாது என்றால் முடியாது என்று ஒரு சொல். அதுவும் ஒரு முடிவுதான்.

அடுத்தது தொலைக்காட்சித் தொடர். அதுதான் முடிந்துவிட்டதே, பிறகு என்ன அழுகை என்று கேட்டார்கள். அது முடியவில்லை, முடித்துத் தள்ளினார்கள். முதல் ஆறு சீசனும் பத்துப் பத்து எபிசோட். ஏழாவதில் ஏழு, எட்டாவதில் ஆறு. தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ இன்னும் கூடுதலாகத் தரத் தயாராக இருந்தது. தொடரை நடத்திய இருவரும்தான் போதும் என்றார்கள். கதையின் நாயகிகளில் ஒருத்தியான டெனேரிஸ் நகரத்தை எரித்தது பிழை என்று நான் சொல்லவேயில்லை. மணி அடித்துவிட்டது, நகரம் சரணடைந்துவிட்டது, அதன் பிறகும் எரிக்கிற ஒருத்தியாக அவள் எப்படி மாறினாள் என்று எனக்குக் காட்டவேண்டும். எட்டு வருஷம் அவளைக் காட்டியவர்கள் அந்தக் கடைசி மாற்றத்துக்குச் சில நிமிடம்தான் ஒதுக்கினார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மறுபடி எடுங்கள் என்று கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை. எடுத்ததைத் திருப்பி எடுக்கச் சொல்வது சரியாகப் படவில்லை. அந்த சீசனுக்கு 12 எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருது கிடைத்ததே என்பார்கள். கிடைக்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு தம்பி, நீங்கள் காசு கொடுத்தா பார்த்தீர்கள், களவாய் இறக்கித்தானே பார்த்தீர்கள் என்று கேட்பார். ஆமாம். பென் ட்ரைவில்தான் வந்தது. காசு கொடுத்துப் பார்க்க எங்களுக்கு அன்று இங்கே வழி இருக்கவில்லை. புத்தகங்களைக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன், முதல் சம்பளத்தில். ஆனால் உண்மையாகவே கேட்கிறேன், கதைக்காக ஏங்குவதற்குப் பற்றுச்சீட்டு காட்டவேண்டுமா?

அந்தக் கடைசி சீசன் எங்களுக்கு எப்படி வந்தது என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? 2019. முதல் எபிசோட் சித்திரை வருஷத்துக்கு மறுநாள். அந்தக் கிழமை ஞாயிறு, ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. என்ன நடந்தது என்று நான் எழுதத் தேவையில்லை. அடுத்த எபிசோட் வந்தது மறுநாள் காலை. யாருக்கு அதில் மனம்? ஊரடங்கு, வாட்ஸப் இல்லை, முகநூல் இல்லை, கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இருக்கிற சொந்தக்காரருக்கு போன் மேல் போன். மூன்று நாலு நாள் கழித்து, ஒரு இரவு, நானும் மச்சானும் ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு அந்த எபிசோடைப் போட்டோம். நாளைக்குச் சாகப் போகிறோம் என்று தெரிந்த சனம் நெருப்பைச் சுற்றி இருந்து கதைத்துக்கொண்டிருக்கும் எபிசோட் அது. ஒருத்தியை இன்னொருவன் வீரராக்குகிறான். ஒரு பெடியன் பாட்டுப் பாடுகிறான். சண்டை ஒன்றும் இல்லை. மச்சான் அழுதான். நானும்தான்.

அந்த நாளிலும் நாடகம் பார்த்தாயா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பார்த்தேன். அந்த இரவில் எனக்கு வேறு எதுவும் கைகொடுக்கவில்லை.

அடுத்த கிழமை அந்தச் சண்டை வந்தது. லைட்டை அணைத்து, லப்டொப் வெளிச்சத்தைக் கடைசி வரை கூட்டிவைத்தும் ஒன்றும் தெரியவில்லை. கறுப்புத் திரையில் எங்கள் இரண்டு பேரின் முகம்தான் தெரிந்தது. உலகம் முழுக்க அதே முறைப்பாடு. ஒளிப்பதிவு செய்தவர், நீங்கள் உங்கள் திரையைச் சரியாக வைக்கவில்லை என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சிரித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது, சேர். குறை எப்போதும் எங்களிடம்தான். பார்க்கத் தெரியவில்லை, பொறுக்கத் தெரியவில்லை, வேலை வெட்டி இல்லை.

நாட்டில் ஆயிரம் பிரச்சினை என்கிறீர்கள். எனக்குத் தெரியாதா? 2022-ல் மண்ணெண்ணெய் வரிசையில் என் தகப்பன் நின்ற நேரம் எனக்குத் தெரியும். காணாமல்போனவரின் படத்தை வைத்துக்கொண்டு இருக்கும் பெரியம்மா என் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் இருக்கிறார். முடிவு தெரியாமல் இருப்பது என்றால் என்ன என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொன்னால் அந்தப் பெரியம்மாவின் முகத்தில் விழிக்க முடியாது. ஆனால் நிஜத்தில் எதற்கும் ஒரு முடிவு காணாமல் வளர்ந்த பிள்ளைகள், கதையிலாவது அதைக் கேட்டால், அவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

இவ்வளவும் நான் அன்றே எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்காக அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

தம்பி, உன் கொப்பியைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். என்னிடம்தான் இருக்கிறது. பின்பக்கத்தில், ஆறாவது புத்தகம் எப்படித் தொடங்கும் என்று நீ பென்சிலால் எழுதிவைத்ததையும் வாசித்தேன், கோபிக்காதே. மூன்றாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டாய். சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு டச் பே கடற்கரையில், கோட்டைப் பக்கம் இருக்கிறேன். வந்து வாங்கிக்கொண்டு, மிச்சத்தைச் சொல்லிவிட்டுப் போ.