கூப்பிடு தூரத்தில் கம்பி

வட இங்கிலாந்தின் கார்ன்ஃபோர்த்தில் பக்கத் தண்டவாளத்தில் ரயில் ஒதுங்கி நின்றதுதான் தாமதம், எங்கள் பெட்டியில் பாதிப் பேர் எழுந்து முன்பக்கம் போய்விட்டார்கள். கரி என்ஜின் வந்து மாட்டப் போகிறது. இறங்கிப் பார்க்க வழியில்லை. அங்கே பிரதான பாதையின் பிளாட்பாரங்களை 1970-லேயே எடுத்துவிட்டார்கள். அதனால் ஜன்னலுக்கு ஜன்னல் ஃபோன். காலை ஏழு மணி வாக்கில் லண்டன் யூஸ்டனில் கிளம்பியதிலிருந்து 230 மைலுக்கு மேல் எங்களை இழுத்து வந்த மின் என்ஜினைக் கழற்றிவிட்டார்கள். அதன் விசிறிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நின்றது. ஒருவரும் அதைப் படம் எடுக்கவில்லை. நான் எடுத்தேன், நடுவில் ஒரு கம்பம் வந்துவிட்டது.

கல்யாண வீட்டில் விடிய விடிய சமைத்தவரை ஆல்பத்தில் தேடினால் கிடைக்கமாட்டார். அந்தக் கதைதான்.

இந்த ரயிலுக்கு கம்ப்ரியன் மவுண்டன் எக்ஸ்பிரஸ் என்று பெயர். லண்டனிலிருந்து கார்ன்ஃபோர்த் வரை மின் என்ஜின், அங்கிருந்து ஷாப் மலையேறி கார்லைல் வரை கரி என்ஜின், திரும்பும்போது செட்டில் என்ற ஊர் வழி. பல ஆண்டுகளாக அந்த முதல் பாதியை இழுத்து வந்தது 86259. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் என்ஜினின் வகை. 1966-இல் கட்டிய என்ஜின். ஒரு பக்கம் 'பீட்டர் பான்' என்றும் மறு பக்கம் 'லெஸ் ராஸ்' என்றும் பெயர்ப் பலகை. லெஸ் ராஸ் பர்மிங்ஹாமில் பேர்போன வானொலி அறிவிப்பாளர், என்ஜினே அவருடையதுதான். நம் ஊரில் வானொலிக்காரர் யாராவது ரயில் என்ஜின் வாங்கினேன் என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விளம்பரத்தில் இதன் படம் தபால்தலை அளவுக்கு வந்தாலே பெரிய விஷயம். அதனால் எனக்கு வருத்தம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிடப் பெரியது. பழைய மின் என்ஜினைப் பாதுகாப்பது என்றால் அதைப் பிரதான பாதையில், தலைக்குமேல் ஓடும் மின்கம்பிக்குக் கீழே, பின்னால் பத்துப் பெட்டிகளோடு ஓடவிடுவது. வேறு எந்தப் பாதுகாப்பும் பாதுகாப்பே இல்லை. இதுதான் என் கட்சி.

ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், கரி என்ஜினுக்கும் டீசலுக்கும் போக இடம் இருக்கிறது. பிரிட்டனில் தொண்டர்கள் நடத்தும் பாரம்பரிய ரயில்பாதைகள் நூற்றுக்கும் மேல். கரியைப் போட்டு, இல்லை டீசலை ஊற்றி, ஐந்து மைலோ பத்து மைலோ ஓட்டிக்கொள்ளலாம். அப்பா அம்மா குழந்தையோடு வந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுப் போவார்கள், வண்டியும் உயிரோடு இருக்கும். ஆனால் 25,000 வோல்ட் கம்பி போட்ட பாரம்பரியப் பாதை ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் கம்பியை நாலு தொண்டர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை கட்டிவிட முடியாது.

சில வருடங்களுக்கு முன் செஸ்டர்ஃபீல்டு பக்கத்தில் உள்ள பாரோ ஹில் வட்ட ஷெட்டுக்குப் போயிருந்தேன். ஏசி லோகோமோட்டிவ் குரூப் என்ற ஆர்வலர் கூட்டம் 1997-இலிருந்து இந்த மின் என்ஜின்களைத் தேடித் தேடிக் காப்பாற்றி வருகிறது. அவர்கள் சேர்த்ததில் பலவற்றை அங்கேதான் வைத்திருந்தார்கள். வர்ணம் பளபளவென்று இருந்தது. ஒன்றில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார விட்டார்கள். கைப்பிடியை நகர்த்தினேன். ஆம்பியர் முள் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. அசைய எப்படி முடியும், தலைக்குமேல் கம்பியே இல்லையே! அதே நேரத்தில் வெளியே ஒரு கிழட்டு டீசல் புகையைக் கக்கிக்கொண்டு குழந்தைகளை ஏற்றி முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. என்னை என்ஜினுக்குள் ஏற்றிவிட்ட தொண்டர் அதைப் பார்த்த பார்வையைச் சொல்ல எனக்குத் தமிழில் வார்த்தை வரவில்லை. பொறாமை இல்லை, வேறு ஏதோ.

குரூ என்ற ஊரில் இன்னும் கொடுமை. அங்கே ஹெரிட்டேஜ் சென்டரில் 87035 'ராபர்ட் பர்ன்ஸ்' நிற்கிறது. 5,000 குதிரைத்திறன். அந்த இடமோ பிரதான பாதையை ஒட்டியே இருக்கிறது. அது எந்தக் கம்பியில் வாழ்ந்ததோ அந்தக் கம்பி கூப்பிடு தூரத்தில். நாள் முழுக்கப் பெண்டோலினோ என்ற அதிவேக மின்ரயில்கள் அதைக் கடந்து போகின்றன.

கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து கிளாஸ்கோ போகும் வெஸ்ட் கோஸ்ட் பாதைக்கு மின்கம்பி போட ஆரம்பித்தபோது பிரிட்டிஷ் ரயில்வேக்கு 25 கிலோவோல்ட் மாறுமின்சாரத்தில் அனுபவம் கிடையாது. அதனால் ஒரே வடிவம் என்று முடிவு செய்யாமல் ஐந்து விதமாக மொத்தம் 100 என்ஜின்கள் செய்து பார்த்தார்கள். பிற்பாடு 81 முதல் 85 வரை எண் கொடுக்கப்பட்டவை. பலவற்றில் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கப் பாதரச ரெக்டிஃபையர். ஓடுகிற வண்டியில் திரவப் பாதரசத்தை வைத்துக்கொண்டு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 83, 84 இரண்டும் வேலை செய்ததைவிட ஷெட்டில் வேலை வைத்ததுதான் அதிகம். அறுபதுகளின் கடைசியில் இரண்டையும் பெரி என்ற ஊரில் கொண்டுபோய் ஓரங்கட்டினார்கள். அப்புறம் கிளாஸ்கோ வரை கம்பி போவது உறுதியானதும், என்ஜின் போதாமல், அதே வண்டிகளைத் தூசி தட்டி எடுத்துச் செப்பம் செய்து ஓட்டினார்கள். 1974-இல் கிளாஸ்கோ வரை முழுப் பாதையும் திறந்தது.

86 வகையின் கதை வேறு. 1965, 66-இல் சட்டுபுட்டென்று 100 என்ஜின் கட்டினார்கள். மோட்டாரின் எடையில் ஒரு பாதி நேரடியாக அச்சின் மேல் உட்கார்ந்திருந்தது. 100 மைல் வேகத்தில் தண்டவாளத்தைச் சுத்தியல்போல அடித்தது. தண்டவாளக்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். சுருள்வில், ரப்பர் வைத்த சக்கரம் என்று மாற்றி மாற்றிச் செய்து ஒருவழியாக அடக்கினார்கள். அப்படி அடங்கிய 86/2 பிரிவில் ஒன்றுதான் எங்களை இழுத்து வந்த 86259. இந்தக் கதையெல்லாம் நிற்கிற வண்டியில் தெரியாது. 90 மைலில் போகும்போது முதல் பெட்டியில் உட்கார்ந்தால் முதுகுக்குத் தெரியும்.

நான் தாம்பரத்தில் வளர்ந்தவன். எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜில் ஊருக்குப் போனால் விழுப்புரம் வரை ஜப்பானில் செய்த ஒய்ஏஎம்-1 மின் என்ஜின் இழுக்கும். விழுப்புரத்தில் அதைக் கழற்றிவிட்டு வேறு என்ஜின் மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் அப்பா இறங்கி டீ வாங்கி வருவார். கார்ன்ஃபோர்த்தில் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த டீதான். அந்த வகையில் மொத்தமே 20 என்ஜின். 2004-இல் மீட்டர் கேஜோடு அதன் ஓட்டமும் முடிந்தது. இனி எத்தனை கோடி செலவழித்தாலும் அதை ஓட்டிப் பார்க்க முடியாது, கம்பி உண்டு, அந்த அகலத்தில் தண்டவாளம் இல்லை. ஆனால் 1855-இல் செய்த ஈஐஆர்-21 கரி என்ஜினை பெரம்பூர் பணிமனைக்காரர்கள் உயிர்ப்பித்து, எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை விசேஷ நாளில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். கரிக்கு எந்த ஊரிலும் மவுசு ஒன்றுதான்.

சரி, பிரிட்டனுக்கு வருவோம். "ஏற்கெனவே நெரிசலான பாதையில் பொழுதுபோக்கு ரயில் எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியை மின் என்ஜினிடம் கேட்கக்கூடாது. பிரதான பாதையில் கரி என்ஜினுக்குப் பெரும்பாலும் மணிக்கு 75 மைல்தான் உச்சம். நடுவில் தண்ணீர் பிடிக்க வேறு நிறுத்த வேண்டும். பின்னால் 125 மைலில் பெண்டோலினோ வந்துகொண்டிருக்கும். 86, 87 வகைகள் 100 மைல், அதற்கு மேலும் ஓடப் பிறந்தவை. தண்ணீர் கேட்காது. நெரிசலில் ஒரு விருந்தாளியை நுழைக்கத்தான் வேண்டும் என்றால் யாருக்கும் தொல்லை கொடுக்காத விருந்தாளி இதுதான்.

முழுக்க முழுக்க மின் என்ஜினே இழுத்த ஒரு சிறப்பு ரயிலிலும் ஒருமுறை ஷாப் ஏறியிருக்கிறேன். டீபேயிலிருந்து உச்சிவரை நாலு மைல், 75 அடிக்கு 1 அடி ஏற்றம். கரி என்ஜின் அந்த இடத்தில் படும் பாட்டைப் பார்க்கத்தான் மக்கள் வேலியோரம் காமிராவோடு நிற்கிறார்கள், நியாயம்தான். நாங்கள் போனபோது நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கால் மைல் கம்பங்களை எண்ணினேன். பத்து விநாடி. மறுபடி பத்து விநாடி. 90 மைல். மேசையில் இருந்த காபி அலுங்கவில்லை. மலை என்று ஒன்று இருப்பதாகவே அந்த என்ஜின் ஒத்துக்கொள்ளவில்லை. எதிரே இருந்த நண்பர், "இதில் என்னப்பா இருக்கு, ஏறுவதே தெரியலையே" என்றார். அடப்பாவி, ஏறுவது தெரியாமல் இருக்கத்தானே இத்தனை கோடி கொட்டிக் கம்பி போட்டார்கள்!

அவருக்காக ஒன்று சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். முதல் பெட்டியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கம்பியில் மின்சாரம் ஒரே மூலத்திலிருந்து வருவதில்லை. ஒரு மின்நிலையத்தின் எல்லை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மின்சாரமே இல்லாத ஒரு துண்டு இருக்கும். அதற்கு முன்னால் தண்டவாள ஓரத்தில் உள்ள காந்தம் என்ஜினின் சர்க்யூட் பிரேக்கரைத் தானாகத் திறந்துவிடும். காற்றழுத்தத்தில் இயங்குவது, 'டப்' என்று துப்பாக்கி வெடித்தாற்போல ஒரு சத்தம். இழுவை சட்டென்று தளரும், விசிறியின் இரைச்சல் இறங்கும், இரண்டு மூச்சு நேரம் எல்லாம் மிதக்கும். மறுபடி ஒரு 'டப்', பழைய இரைச்சல். இப்போதைய ரயில்களில் இது நடப்பதே தெரியாது. பாரோ ஹில்லில் நூறு வருடம் நிறுத்தி வைத்தாலும் அந்தச் சத்தம் வராது.

சிக்கல் இல்லாமல் இல்லை. மின்கட்டணம் முதல் தலைவலி. 2021 அக்டோபரில் கட்டணம் தாறுமாறாக ஏறியபோது ஃப்ரெயிட்லைனர் நிறுவனமே மின் என்ஜின்களை நிறுத்திவிட்டுச் சரக்கு ரயில்களுக்கு டீசலை மாட்டியது. கம்பிக்குக் கீழே டீசல்! சுற்றுலா ரயில் நடத்துபவர்களும் பல நேரம் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். டீசல் என்றால் எங்கும் போகலாம், கம்பி அறுந்தாலும் சுற்றுவழியில் திருப்பிவிடலாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை.

உதிரிபாகம் அடுத்தது. 87 வகை மொத்தம் 36 தான். அதில் கணிசமானவை பல்கேரியாவுக்குப் போய்விட்டன. அங்கேயும் இதே 25 கிலோவோல்ட் என்பதால் போனதும் வேலைக்குச் சேர்ந்துவிட்டன. 86-இல் சில ஹங்கேரிக்கு. ஒருவிதத்தில் பெருமைதான், வயதான காலத்தில் வெளிநாட்டு வேலை. ஆனால் இங்கே மிஞ்சியவற்றுக்குப் பழுது வந்தால் இன்னொன்றைப் பிரித்துத்தான் மாட்ட வேண்டியிருக்கிறது.

பாதுகாப்புக் கருவிகள் பற்றி மட்டும் நான் ஆர்வலர்கள் பக்கம் நிற்கமாட்டேன். "பழைய வண்டிதானே, விலக்குக் கொடுங்கள்" என்று சிலர் கேட்கிறார்கள். நான் தினமும் ரயில் ஏறுவது ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டன் ஸ்டேஷனில். 1952 அக்டோபர் 8 காலையில் அங்கே மூன்று ரயில்கள் மோதி 112 பேர் இறந்தார்கள். நுழைவாயிலில் அதற்கு நினைவுப் பலகை இருக்கிறது. சிக்னலைத் தாண்டும்முன் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி நாடு முழுக்கப் பரவ அந்த விபத்துதான் அவசரம் கொடுத்தது. ஆகவே கருவி வேண்டும், வண்டிக்கு வயது அறுபதானாலும் வேண்டும். கிழக்குக் கரைப் பாதையின் தென்பகுதியில் சிக்னல் கம்பத்தையே எடுத்துவிட்டு ஓட்டுநர் அறைத் திரைக்கு மாறும் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் கருவியை மாட்டாத வண்டிக்கு அங்கே இடமிருக்காது. டொர்னாடோ கரி என்ஜினில் அதைப் பொருத்திவிட்டார்கள். கரி என்ஜினில் முடிகிறது என்றால் மின் என்ஜினில் முடியாதா? முடியும், பணம்தான். பணம் வருவதற்கு ஆள் வர வேண்டும், ஆள் வருவதற்கு வண்டி விளம்பரத்தில் தபால்தலையைவிடப் பெரிதாகத் தெரிய வேண்டும்.

என் ஆசை சின்னது. வருடத்துக்கு இரண்டு ரயிலாவது யூஸ்டனிலிருந்து கிளாஸ்கோ வரை, ஷாப்பும் பீட்டாக்கும் ஏறி, ஒரே மின் என்ஜினில். நடுவில் யாரும் வந்து மாலையைப் பிடுங்கிக்கொள்ளக்கூடாது. 86101-ஐயும் 87002-ஐயும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். நடக்காத காரியம் ஒன்றும் இல்லை.

அன்றைக்குத் திரும்பும்போது இருட்டிவிட்டது. செட்டில் பாதையில் இறங்கி வந்த கரி என்ஜின் பிரெஸ்டன் பக்கத்தில் விடைபெற்றது, பெரிய கைதட்டல். மறுபடி நம்ம 86. கரித்தூள் படிந்த முகங்களோடு பெட்டியே தூங்கிவிழுந்தது. எதிர் சீட்டுக்காரர் வாயைத் திறந்துகொண்டு குறட்டை. வெளியே ஒன்றும் தெரியவில்லை, 'டப்' சத்தம் மட்டும் அவ்வப்போது. நாள் முழுக்க ஓடியதில் அதுதான் நல்ல ஓட்டம், ஒரு இடத்தில் கால் மைல் ஒன்பதரை விநாடியில். வாட்ஃபோர்டு தாண்டியதும் எழுந்து கதவுப்பக்கம் போய் நின்றேன். ஹாரோ பிளாட்பாரம் ஒரு வெளிச்சக் கோடாகப் பின்னால் போனது. என் வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை. யூஸ்டன் போய் இறங்கி, லோக்கல் பிடித்துத் திரும்பி வந்தேன், பன்னிரண்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது.