ரிசோட்டுக்குப் போனா தண்ணிக்குள்ள இறங்குங்கோ

சீசன் தொடங்கப்போகுது. ஏப்ரல் வந்தா எங்கட திருமலை, அதாவது திருகோணமலைக் கடல் அடங்கிடும், பிறகு செப்டம்பர் மட்டும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சனிக்கிழமையில ரூம் எடுக்கிறதே பெரும்பாடு. இப்பவே கொழும்பில இருந்தும் யாழ்ப்பாணத்தில இருந்தும் சொந்தக்காரர் போன் எடுக்கத் தொடங்கிட்டினம். எந்த ஹோட்டல் நல்லம், சாப்பாடு, விளையாட்டு எல்லாம் ஒரே காசுக்குள்ள வாற ஓல் இன்குளூசிவ் எடுக்கிறதா இல்லாட்டி காலைச் சாப்பாடு மட்டும் போதுமா, பஃபேயில இறால் நண்டு எல்லாம் போடுவினமா, ரூமில இருந்து கடல் தெரியுமா. எல்லாம் கேக்கினம். அங்க நீச்சல் சொல்லித்தர ஆள் இருக்கா எண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கிறேல்ல.

எனக்கு இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக் கதைக்கோணும், பொறுமையா வாசியுங்கோ.

எங்கட குடும்பங்கள் ரிசோட்டுக்குப் போனா என்ன நடக்குது எண்டு நான் இந்தக் கரையில கன காலமாப் பாத்துக்கொண்டு வாறன். வந்து இறங்கின உடன வெல்கம் ட்ரிங்க், பிறகு ரூமைச் சுத்திப் பாக்கிறது, போட்டோ, பஃபே, ஒரு நித்திரை, பின்னேரம் டீயும் கட்லட்டும், பிறகு கடற்கரையில கணுக்கால் நனையிற அளவுக்கு நிண்டு இன்னும் கொஞ்சம் போட்டோ. ஆம்பிளையளும் பெடியளும் பூலுக்குள்ள குதிச்சு விளையாடுவினம். பொம்பிளையள்? பூல் கரையில இருக்கிற சாய்கதிரையில எல்லாரிட போனையும் செருப்பையும் துவாயையும் காவல் காத்துக்கொண்டு இருப்பினம். தலைக்கு இவ்வளவு எண்டு கட்டின காசு எல்லாருக்கும் ஒண்டுதான். அம்மாவுக்கும் அதே காசு, மாமிக்கும் அதே காசு, ஆனா அவைக்குக் கிடைச்சது சாப்பாடும் வெயிலும் மட்டும்.

அந்தப் பக்கேஜுக்குள்ள என்னென்ன இருக்கு எண்டு ஒருக்கா வடிவாப் பாருங்கோ. அனேகமான இடங்களில பூல், பிள்ளையளுக்குத் தனிப் பூல், கயாக், பீச் வொலிபோல், கரம், டேபிள் டென்னிஸ், சில இடத்தில சைக்கிள், தண்ணிக்குள்ள முகத்தை வச்சுப் பாக்கிற மாஸ்க்கும் மூச்சு விடுற குழாயான ஸ்நோர்க்கலும் இரவல் எல்லாம் கட்டின காசுக்குள்ளயே வரும். எஞ்சின் பூட்டின எதுவும் அனேகமா வராது, அதாவது ஜெட் ஸ்கி, பனானா போட், திமிங்கிலம் பாக்கப்போற படகு, புறாமலைத் தீவுக்குப் போற படகு, அதோட ஸ்பா மசாஜ், இதுகளுக்குத் தனியாக் காசு. இதை புக் பண்ண முதலே கேட்டு எழுத்தில எடுத்து வையுங்கோ, ஏனெண்டா பில் வரேக்க சேவிஸ் சார்ஜ் 10 வீதம், வற் வரி 18 வீதம் எண்டு மேல ஏறும், அந்த நேரம் கவுண்டரில நிண்டு சண்டை பிடிச்சு வந்த சந்தோசத்தையே கெடுத்துக்கொள்ளுவம். நான் சொல்ல வந்தது இதில்ல. நீங்க ஏற்கெனவே காசு கட்டிட்ட சாமான்களில பாதி தண்ணியோட சம்பந்தப்பட்டது. தண்ணிக்குள்ள இறங்காத ஆளுக்கு அதில ஒண்டும் உதவாது.

இந்த ஓல் இன்குளூசிவ் முறையிட கதையிலயும் தண்ணி விளையாட்டு இருக்கு. 1950ல ஸ்பெயினிட மயோர்க்கா தீவில, அல்கூடியா எண்ட கடற்கரையில ஜெரார்ட் பிளிட்ஸ் எண்ட பெல்ஜியக்காரர் கூடாரம் அடிச்சு கிளப் மெட் எண்ட விடுமுறை நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்ட தகப்பனும் சித்தப்பாவும் பெல்ஜியம் நாட்டு வாட்டர் போலோ டீமில விளையாடின ஆக்கள். சாப்பாடு, படுக்கை, விளையாட்டு எல்லாம் ஒரே காசுக்குள்ள, ஆக்கள் வந்து கடலில ஆடி உடம்பைத் தேற்றிக்கொண்டு போகவேணும், அதுதான் யோசனை. போரில நொந்துபோன சனத்துக்காகத் தொடங்கின விசயம் அது. அதை வாசிச்ச நாளில இருந்து எனக்கு எங்கட சனத்தைத்தான் நினைப்பு வருது. முப்பது வருசத்துக்குக் கிட்டப் போருக்குள்ள கிடந்த கரை இது. கடலுக்குப் போக பாஸ், இந்த மைலுக்கு அங்கால போகாத, இருட்டினாக் கரைக்கு வராத எண்டு வளந்த தலைமுறை நாங்கள். எங்கட அம்மாக்கள் கடலைப் பாத்து வளந்தவை, கடலுக்குள்ள இறங்கி வளரேல்ல.

அதுக்கு மேல 2004 டிசம்பர் 26. அதைப் பற்றி இஞ்ச ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்ல. ஆனா ஒரு விசயத்தைச் சொல்லத்தான் வேணும். ஒக்ஸ்பாம் எண்ட தொண்டு நிறுவனம் 2005ல ஒரு அறிக்கை விட்டது, சுனாமி வந்த கன இடங்களில ஆம்பிளையளை விடப் பொம்பிளையள்தான் கூடச் செத்தவை எண்டு. இலங்கையைப் பற்றிச் சொல்லேக்க, நீந்தவும் மரம் ஏறவும் இஞ்ச பெடியளுக்குத்தான் பழக்கிறது, அதுவும் ஒரு காரணம் எண்டு எழுதியிருந்தினம். அவ்வளவு பெரிய அலைக்கு முன்னால நீச்சல் தெரிஞ்சும் என்ன செய்யிறது எண்டு சிலர் கேப்பினம். சரி, அது அலை. ஆனா கிணத்தடி, குளத்தடி, வாய்க்கால், மாரியில நிரம்புற மதகு, அங்கயும் தானே ஆக்கள் போகினம். உலக சுகாதார நிறுவனத்திட கணக்குப்படி 2021ல மட்டும் தண்ணியில மூழ்கி 3 லட்சம் பேர் மட்டில செத்திருக்கினம். இதுக்கெண்டே ஐ.நா. ஜூலை 25ஐ ஒரு நாளா ஒதுக்கி வச்சிருக்கு. கடலால மூண்டு பக்கமும் சூழ்ந்த ஊரில இருக்கிற எங்களுக்கு அந்த நாள் வாறதும் தெரியாது போறதும் தெரியாது.

இப்ப பொம்பிளையள் ஏன் இறங்கிறேல்ல எண்ட கதைக்கு வாறன். பயம் ஒரு பக்கம். அதை விடப் பெரிசு உடுப்பு. போன சீசனில நாங்கள் குடும்பமா ஒரு ரிசோட்டுக்கு டே அவுட் போனம், பேர் வேண்டாம். என்ர மச்சாள் நல்ல ஆசையோட சுரிதாரோட பூலுக்குள்ள ஒரு கால் வைக்கேக்க அங்க நிண்ட பெடியன் ஓடி வந்து "இந்த உடுப்போட இறங்க ஏலாது மேடம்" எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டான். அவ அப்பிடியே காலை எடுத்துக்கொண்டு போய் இருந்தவ இருந்தவதான், பின்னேரம் மட்டும் எழும்பேல்ல. முகத்தைப் பாக்க ஏலாமக் கிடந்தது.

அந்தச் சட்டத்தில நியாயம் இருக்கு. பருத்தித் துணியில இருந்து நூல் பிரியும், சாயம் போகும், அது போய் பூல் பில்டரை அடைக்கும், துணி தண்ணியை உறிஞ்சிப் பாரமாகி ஆளையும் கீழ இழுக்கும். துப்பட்டா கழுத்தில சுத்தினா இன்னும் ஆபத்து. ஆனா அதை வாசலிலயே ஒரு போர்ட்டில தமிழில எழுதிப் போட்டா என்ன? புக் பண்ணேக்க வாட்சப்பில ஒரு வரி அனுப்பினா என்ன? லைக்ரா துணியில கை முழுசா, கால் முழுசா மூடின நீச்சலுடுப்பு இருக்கு, தலை மூடுற மாதிரியும் இருக்கு, கிண்ணியா, மூதூர்ச் சகோதரிகள் சிலர் போட்டுக்கொண்டு வந்து நல்லா நீந்தினம். கயாக்கும் துவாயும் இரவல் குடுக்கிற இடத்தில அப்பிடி நாலைஞ்சு சைஸில உடுப்பும் வச்சிருந்தா என்ர மச்சாள் அண்டைக்குத் தண்ணிக்குள்ள இறங்கியிருப்பா.

இன்னொரு இடத்தில நடந்ததையும் சொல்லோணும், ஏனெண்டா அதைப் பாத்த பிறகுதான் இதை எழுதியே ஆகோணும் எண்டு வந்தது. அங்க பூலைப் பாக்கிற தம்பி குச்சவெளிப் பக்கத்துப் பெடியன், தமிழில கதைப்பான். என்ர அம்மா, அறுபது தாண்டினவ, லைக்ரா உடுப்போட இடுப்பளவு தண்ணியில கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. அவன் வந்து "அம்மா நீந்த வேண்டாம், சும்மா படுங்கோ" எண்டான். அம்மா படுக்கேக்க தலையை மட்டும் மேல தூக்கிக்கொண்டா, தலை தூக்கின உடன இடுப்பு கீழ போகுது, இடுப்பு போன உடன பயத்தில எழும்பி நிக்கிறா. திருப்பித் திருப்பி இதேதான். பிறகு அவன் சொன்னது, "காதை நனைக்கப் பயப்பிடாதேங்கோ, ரெண்டு காதும் தண்ணிக்குள்ள போனாத்தான் உடம்பு மிதக்கும், நாடியை வானத்துக்குக் காட்டுங்கோ, மூச்சை நெஞ்சில நிரப்பி வையுங்கோ." எனக்குச் சொல்லி அம்மாட தலைக்குக் கீழ ரெண்டு விரலை மட்டும் வச்சுக்கொண்டு நிக்கப் பண்ணினான். கொஞ்ச நேரத்தில காது ரெண்டும் உள்ள போச்சு, தோள் இளகிச்சு, காலும் தானா மேல வந்திட்டுது. நான் விரலை எடுத்தது அம்மாவுக்குத் தெரியவே இல்ல. வாழையிலை மாதிரி மிதந்தா. கண்ணை மூடிக்கொண்டு சிரிச்சா, எனக்கு அழுகை வந்திட்டுது.

மிதக்கத் தெரிஞ்சா உதவி வாற மட்டும் உயிரோட இருக்கலாம். கை அடிக்கிறது, கால் அடிக்கிறது எல்லாம் பிறகு படிக்கலாம். இதைச் சொல்லிக் குடுக்க ஒரு பின்னேரம் காணும், அந்த ரிசோட்டில இருக்கிற எல்லா வசதியையும் விட இதுதான் பெரிய வசதி எண்டு நான் நினைக்கிறன்.

கடலில இறங்கிறது வேற விசயம், பூலில பழகினதை நம்பி அங்க போகாதேங்கோ. நிலாவெளிக் கரை சீசனில நல்ல அமைதி, கன தூரம் இடுப்பளவு தண்ணிதான், அதாலதான் பிள்ளையளோட வாற ஆக்களுக்கு அது பிடிக்கும். ஆனா வாடைக்காற்று நேரம், நவம்பர், டிசம்பர், ஜனவரியில அதே கரை வேற கரை. மலிவு விலைக்கு ஓல் இன்குளூசிவ் போட்டிருக்கு எண்டு அந்த மாசங்களில புக் பண்ணுற ஆக்கள் கடலை மறந்திடோணும், படகும் ஓடாது. சீசனிலயும் சில இடத்தில இழுவை, அதாவது ஆளைக் கடலுக்குள்ள இழுக்கிற நீரோட்டம், இருக்கும். இழுவைக்குள்ள மாட்டினா கரைக்கு நேர வர எதிர்த்து அடிச்சுக் களைக்காதேங்கோ, கரையோட சமாந்தரமா ஒரு பக்கத்துக்கு நகர்ந்து இழுவையை விட்டு வெளிய வந்து பிறகு கரைக்கு வாங்கோ, ஏலாட்டி மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் காட்டுங்கோ. சிவப்புக்கொடி போட்டா இறங்காதேங்கோ, வந்தது ஒரு நாளைக்குத்தானே எண்டு பிடிவாதம் வேண்டாம். வெறியில இறங்கிறது பற்றி நான் தனியாச் சொல்லத் தேவையில்ல. பஃபே பக்கத்திலயே பார் திறந்து கிடக்கிற பக்கேஜில அண்ணன்மார் கொஞ்சம் கவனமா இருங்கோ, உங்களை நம்பித்தான் பிள்ளையள் தண்ணிக்குள்ள நிக்குதுகள்.

மிதக்கப் பழகினாப் பிறகு புறாமலைக்குப் போங்கோ. நிலாவெளியில இருந்து ஒரு கிலோமீட்டர் மட்டில தான், 2003ல தேசியப் பூங்கா ஆக்கினது, வனஜீவராசிகள் திணைக்களத்தில டிக்கட் எடுத்துப் படகில போகோணும். கரையில நிண்டு பாத்தா ரெண்டு கல்லுத்தீவு, அவ்வளவுதான். முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சாத்தான் அங்க என்ன இருக்கு எண்டு தெரியும். நூறு வகை மட்டில முருகைக்கல் (பவளப்பாறை), முந்நூறு வகை மட்டில மீன், அதிர்ஷ்டம் இருந்தா செட்டையில கறுப்பு நுனி இருக்கிற குட்டிச் சுறா, அது தன்ர பாட்டில போகும், ஆக்களைத் தொந்தரவு செய்யாது. வெளிநாட்டுக்காரர் இதைப் பாக்கத்தான் விமானம் ஏறி வருகினம், இஞ்ச பிறந்த பொம்பிளையள் கன பேர் இதை வீடியோவிலதான் பாத்திருக்கினம்.

போறதெண்டா மாஸ்க்கைப் போடேக்க நெத்தி முடி ஒண்டும் ரப்பருக்குள்ள மாட்டாமப் பாருங்கோ, ஒரு முடி போதும் தண்ணி உள்ள வர. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு எல்லாக் கொழுக்கியையும் மாட்டினாப் பிறகு ரெண்டு தோளிலயும் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்கோ, நாடிக்கு மேல வந்தா அது உங்களுக்குப் பெரிசு, சின்னது ஒண்டு கேளுங்கோ. பிள்ளையளுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கோ. பிறகு முருகைக்கல்லில ஏறி நிக்காதேங்கோ. அது உயிர் உள்ளது, ஒரு மிதியில உடையிறது திருப்பி வளர வருசக்கணக்காகும். களைச்சாக் கால் ஊண்டத்தான் மனம் வரும், அதுக்குத்தான் மிதக்கப் பழகச் சொன்னது.

திமிங்கிலம் பாக்கிற படகும் அப்பிடித்தான். எங்கட குடாவுக்கு வெளிய கடலடியில பெரிய பள்ளத்தாக்கு ஓடுது, கரைக்குக் கிட்டவே ஆழம் வந்திடும், அதால நீலத்திமிங்கிலம் எல்லாம் கிட்ட வரும். அதிகாலையில படகு வெளிக்கிடும். பொம்பிளையள் கன பேர் பயத்தில ரூமிலயே நிண்டிடுவினம். ஜாக்கெட் போட்டு, தண்ணியில மிதக்க ஏலும் எண்ட ஒரு நம்பிக்கை இருந்தா அந்தப் படகில ஏறுற கால் வேற மாதிரி ஏறும்.

ரிசோட் நடத்துற ஆக்களிட்ட ஒரு வேண்டுகோள். கிழமையில ரெண்டு காலமை, விருந்தாளி குறைஞ்ச நேரம், பூலைப் பொம்பிளையளுக்கும் பிள்ளையளுக்கும் எண்டு ஒதுக்கி, ஒரு பொம்பிளைப் பயிற்சியாளரை வையுங்கோ. பக்கத்துக் கிராமத்துப் பிள்ளையளுக்கு சீசன் இல்லாத மாசங்களில, பூல் சும்மா கிடக்கிற நேரம், குறைஞ்ச காசுக்குத் திறந்து விடுங்கோ. அப்பிடிப் பழகின பிள்ளையள்ல இருந்துதான் நாளைக்கு உங்களுக்குத் தமிழ் கதைக்கிற லைஃப்கார்டும் ஸ்நோர்க்கலிங் கைடும் வருவினம், அதுவும் பொம்பிளையளா வருவினம். உங்கட வாசலுக்கு முன்னால கிடக்கிற கடற்கரை பொதுச்சனத்திட கரை, அதில நடக்கிற உரிமை எங்களுக்கு எப்பவும் இருக்கு. பூல் உங்கடதுதான், அதைக் கொஞ்சம் பங்கு போடச் சொல்லிக் கேக்கிறன்.

இந்தமுறை போன் எடுத்து புக் பண்ணேக்க இதுகளைக் கேளுங்கோ. பூலில என்ன உடுப்பு விடுவீங்க, தமிழ் கதைக்கிற லைஃப்கார்ட் இருக்கிறாரா, எத்தனை மணி மட்டும் நிப்பார், ஆழம் குறைஞ்ச பக்கம் எவ்வளவு ஆழம், பொம்பிளையளுக்கு மிதக்கச் சொல்லித்தர ஏலுமா. பத்துப் பேர் கேட்டா முதலாளிமார் யோசிப்பினம். திருமலையில, கிண்ணியாவில, மூதூரில பொம்பிளையளுக்கு நீச்சல் பழக்கிற அக்காமார் ஆரும் இருந்தாக் கீழ கொமெண்டில சொல்லுங்கோ, எங்கட வீட்டிலயே படிக்க ஆக்கள் இருக்கினம், மச்சாளும் இந்தமுறை வாறன் எண்டு சொல்லிட்டா.