சுண்ணாம்பு இல்லாத பதநீர் வேணுமாம்

"ஆர்கானிக்னு சொல்லிக்கிட்டு பானைக்குள்ள வெள்ளையடிக்கிறாங்க மக்களே." பதநீர்க் கலயத்துல சுண்ணாம்பு பூசுறது கலப்படம்னு வீடியோ போட்ட தம்பி சொன்னது இதுதான். நான் ஒரு எழுத்து கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. லிங்க் இங்க போட மாட்டேன். ஞாயித்துக்கிழமையிலருந்து ஆளாளுக்கு எனக்கே அனுப்பி, "அண்ணாச்சி, இது உங்க விடிலிதான?"ன்னு கேட்டுக்கிட்டு இருக்கீங்க. ஆமா, பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்குற எங்க விடிலிதான். அந்த அடுப்பு எங்க அடுப்புதான். சிவப்பு வட்டம் போட்டுக் காட்டின கை எங்க மைனி (அண்ணி) கைதான்.

முழுசா படிக்க நேரமில்லாதவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன். சுண்ணாம்பு போட்டாத்தான் அது பதநீர். போடலன்னா கள்ளு. கள்ளு இறக்கினா கேஸ். இவ்வளவுதான் விஷயம், இதோட நீங்க போயிரலாம்.

மத்தவங்க உக்காருங்க.

பனம்பாளையிலருந்து, அதாவது பனையோட பூங்குலையிலருந்து, சொட்டும்போது அது வெறும் இனிப்புத் தண்ணிதான், யாரும் மறுக்கல. ஆனா சொட்டுச் சொட்டா விழுந்து கலயம் நிறைய ஒரு ராத்திரி ஆகும். நூத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை உள்ள தண்ணி, சித்திரை மாசப் புழுக்கத்துல, திறந்த மண் கலயத்துல அத்தனை நேரம் தொங்குது. சீவின பாளை முனையிலயும் புளிக்க வைக்கிற ஈஸ்ட்ங்கிற நுண்ணுயிர் இருக்கும், வந்து மொய்க்கிற ஈ, எறும்பு, வண்டு காலுலயும் இருக்கும், கலயத்தோட மண் துவாரத்துக்குள்ளயும் இருக்கும். அது பாட்டுக்கு வேலையைத் தொடங்கிரும். விடியக்காலம் ஏறி இறக்குறப்ப நுரைச்சுக்கிட்டு நிக்கும். புளிப்பு ஏற ஏற இறங்குற பிஎச் அளவு, 7 பக்கத்துல இருந்தது 4 வரைக்கும் இறங்கியிருக்கும். அதைத்தான் கேரளாவுல ஷாப்புல விக்கிறாங்க, இங்க வித்தா உள்ள போகணும்.

இதைத் தடுக்கத்தான் சுண்ணாம்பு. சிப்பி சுட்ட சுண்ணாம்பை நீத்தி, தயிர் பதத்துக்குக் கரைச்சு, கலயத்து அடியிலயும் உள்பக்கச் சுவர்லயும் ஒரு பூச்சு. வெத்திலைக்குத் தடவிப் போடுறோமே, அதே சுண்ணாம்புதான். சுண்ணாம்போட காரத்தன்மை ஏறினா ஈஸ்ட் எந்திரிக்காது. இன்னொரு வேலையும் அது பாக்குது, இதைத் தம்பிக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. பதநீர்ல இருக்கிறது பெரும்பாலும் சுக்ரோஸ், சீனியில இருக்கிற அதே சர்க்கரை. புளிப்பு ஏறினா அது குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ்னு ரெண்டா உடையும். உடைஞ்ச சர்க்கரை உறையாது. அந்தப் பதநீரை என்னதான் காய்ச்சினாலும் சிரட்டையில பாகா நிக்குமே தவிர கருப்பட்டி ஆகாது. "சுண்ணாம்பு இல்லாத கருப்பட்டி கிடைக்குமா?"ன்னு இன்பாக்ஸ்ல கேட்ட அத்தனை பேருக்கும் இதுதான் பதில்.

சுண்ணாம்பு கூடினாலும் எங்களுக்குத்தான் நஷ்டம். கருப்பட்டி கருத்துப்போகும், நாக்குல எரியும், வாங்கின ஆளு அடுத்த தடவை வர மாட்டான். குறைஞ்சா புளிச்ச வாடை. வெயில் ஏற ஏற பூச்சு கனமா வேணும், பனி விழுற மாசியில கொஞ்சம் போதும். நல்லா ஊறுற மரத்துக்கு ஒரு அளவு, சோம்பல் மரத்துக்கு ஒரு அளவு. பழைய கலயம்னா கழுவி, நெருப்புல காட்டி, காய வெச்சுத்தான் திரும்பக் கட்டணும். முப்பது நாப்பது மரம் ஏறுற பனையேறி இதையெல்லாம் மரத்துக்கு மரம் மனசுல வெச்சிருக்காரு. அதுக்குப் பேரு வெள்ளையடிக்கிறதாம்.

வீடியோவுல அந்தத் தம்பி என்ன செஞ்சாரு? கலயத்தைக் கவுத்து அடியை விரலால வழிச்சுக் காட்டினாரு. அடியை வழிச்சா சுண்ணாம்பு வராம சந்தனமா வரும்? அதை நாங்க காய்ச்சுறதில்ல தம்பி. பதநீரைத் தெளிய விட்டுருவோம். சுண்ணாம்பு வண்டலா அடியில தங்கிரும். மேல தெளிவை மட்டும் இறுத்து, வேட்டித் துணியில வடிகட்டித்தான் தாச்சியில, அதாவது காய்ச்சுற பெரிய சட்டியில, ஊத்துறது. துணி கட்டுறதையும் அவரு படம் பிடிச்சாரு, நான் பக்கத்துலதான் நின்னேன். வீடியோவுல அது இல்ல.

அடுத்த குத்தம் ஆமணக்கு முத்து. "விஷ விதையைப் போடுறாங்க." பதநீர் கொதி வந்தா நுரை சரசரன்னு ஏறி அடுப்புக்குள்ள வழியும். ரெண்டு மூணு ஆமணக்கு முத்தைக் கல்லுல நசுக்கிப் போட்டா அதுல உள்ள எண்ணெய் நுரையை அமுக்கிரும். தாச்சி முழுக்கப் பொங்கிக்கிட்டு இருந்தது அடங்கிப்போய் கீழ உக்காருறதை நேர்ல பாக்கணும். ஆமணக்குல இருக்கிற விஷம் ஒரு புரதம், மணிக்கணக்கா கொதிக்கிறதுல அது நிக்காது. சில பேரு அதுக்குப் பதிலா தேங்காய்ச் சில்லு போடுவாங்க. அடுத்த தடவை உங்களுக்காகத் தேங்காயே போடுறோம், சந்தோஷமா?

கருப்பட்டியில உண்மையிலேயே கஷ்டமான இடம் கடைசிப் பதம். முதல்ல கொதி பெருசு பெருசா வெடிக்கும், வத்த வத்த குமிழி சின்னதாகி, சத்தம் மாறி, நிறம் தேன்ல இருந்து காப்பிக்கு வரும். ஒரு சொட்டு பச்சத்தண்ணியில விட்டு விரல்ல உருட்டினா உருண்டையா நிக்கணும். நின்னதும் இறக்கி, துடுப்பால கடையணும். சீக்கிரம் ஊத்தினா சிரட்டையில இறுகாது. ரெண்டு நிமிஷம் தாமதிச்சா தாச்சியிலயே இறுகி, துடுப்பு சிக்கி, சுரண்டி எடுக்கணும். எட்டுப் பத்து லிட்டர் பதநீர் போனாத்தான் ஒரு கிலோ. எரிக்கிறது காஞ்ச ஓலையும் மட்டையும் பன்னாடையும். வெளியில ஏற்கெனவே தேரிக்காட்டுச் செம்மணல் கொதிச்சுக் கிடக்கும், அந்த நேரத்துல மைனி அடுப்பு முன்னால நிக்காவ. தம்பி வட்டம் போட்ட கை, அந்தத் துடுப்பைப் பிடிச்ச கை. கையில இருந்த வெள்ளை, வண்டலைக் கழுவின சுண்ணாம்பு. "கையுறை இல்ல பாருங்க"ன்னு கேலி. கொதிக்கிற பாகு தெறிச்சா ரப்பர் கையுறை தோலோட ஒட்டிக்கும்ங்கிறது அடுப்படி தெரிஞ்ச யாருக்கும் தெரியும்.

சரி, ஆர்கானிக்னா என்ன, அதையும் பேசுவோம். திருநெல்வேலி மாவட்டத்துல எங்க திசையன்விளை பக்கத்துத் தேரிப் பனைக்கு உரம் கிடையாது, மருந்து கிடையாது, தண்ணிகூட யாரும் ஊத்தினதில்ல. சிறு உற்பத்தியாளர் தன் சரக்கை நேரா சாப்பிடுறவங்களுக்கு வித்தா ஆர்கானிக் சான்றிதழ் கட்டாயமில்லன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2017 விதியே சொல்லுது. இதே தம்பி ரெண்டு மாசம் முன்னாடி ஐரோப்பாவுல ஒரு குடும்பம் நடத்துற ஆர்கானிக் ஒயின் தோட்டத்தைப் பத்தி உருகி உருகி வீடியோ போட்டாரு. நல்லாத்தான் இருந்துச்சு, நானே லைக் போட்டேன். ஐரோப்பாவுல ஆர்கானிக் ஒயினுக்குன்னு 2012ல விதி வந்துச்சு. அதுல கந்தக டை ஆக்சைடு சேர்க்க அனுமதி உண்டு, சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரைக்கும். எதுக்கு? வேண்டாத நுண்ணுயிர் வளராம இருக்க. எங்க சுண்ணாம்பும் அதுக்குத்தான். அங்க அதைப் போட்டா ஒயின் தயாரிக்கிற கலை. இங்க போட்டா கலப்படம். நம்ம ஊரு வெள்ளைச் சீனிக்குக்கூட ஆலையில கரும்புச்சாறுல சுண்ணாம்பு ஊத்தி, கந்தகப் புகை விட்டுத்தான் தெளிய வைக்கிறாங்க. அந்தச் சீனி போட்ட காப்பியைக் குடிச்சுக்கிட்டே எங்களைக் கேள்வி கேக்குறீங்க.

இனி கமெண்ட்காரங்க.

"சுண்ணாம்பு சாப்பிட்டா கல்லடைப்பு வரும்." உங்க தாத்தா எத்தனை பட்டை (பனையோலைத் தொன்னை) பதநீர் குடிச்சாருன்னு வீட்டுல கேளுங்க. போங்க.

"ஐஸ் வெச்சு இறக்கலாமே?" இது நியாயமான கேள்விதான். காசர்கோட்டுல இருக்கிற மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தென்னைக்கு ஐஸ் பெட்டி செஞ்சு, சுண்ணாம்பே இல்லாம நீரா, அதாவது புளிக்காத தென்னம்பதநீர், இறக்கிக் காட்டியிருக்கு. கல்பரசான்னு விக்கிறாங்க, ருசியும் நல்லா இருக்கும். ஆனா பனை அறுபது அடி. ஒரு மரத்துல ஒரு பாளை இல்ல, பல பாளை, பாளைக்கு ஒரு கலயம். காலுல தளைநார் மாட்டி, இடுப்புல அருவாப்பெட்டியும் குடுவையும் கட்டி, காலையில ஒரு ஏத்தம், சாயங்காலம் ஒரு ஏத்தம். இதோட ஐஸையும் சுமக்கச் சொல்றீங்க. தேரிக்காட்டுக்கு நடுவுல ஐஸ் எங்க இருந்து வரும்? வந்தாலும் மேல போய்ச் சேர முன்ன பாதி உருகிரும். யாராவது பனைக்கு ஏத்த மாதிரி செஞ்சு குடுத்தா நாங்களே முதல் ஆளா வாங்குவோம்.

"எல்லாரும் சீனிதான் கலக்குறீங்க." இதுக்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்குது. ஏன்னா கலக்குறவங்க இருக்காங்க, நான் இல்லன்னு சொல்லல. சீனி விலை ரொம்ப மலிவு. கொஞ்சம் பதநீரையோ பழைய கருப்பட்டியையோ போட்டுச் சீனியைக் காய்ச்சினா பளபளன்னு, கல்லு மாதிரி, மழைக்கும் அசையாத கருப்பட்டி வந்துரும். உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சதுலருந்து எங்கயோ காய்ச்சினதுக்கெல்லாம் உடன்குடின்னு ஸ்டிக்கர். இதைப் பத்தி வீடியோ போடச் சொன்னா யாரும் போட மாட்டாங்க, ஏன்னா அதுக்கு உழைக்கணும். தண்ணியில போட்டுக் கரையுற வேகத்தைப் பாருங்க, ஒடைச்சா மினுங்குதா பாருங்கன்னு சொல்ற வீட்டுச் சோதனை எதையும் முழுசா நம்பாதீங்க. பனையில இருக்கிறதும் சுக்ரோஸ், கரும்புல இருக்கிறதும் சுக்ரோஸ். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கரும்பு காத்துலருந்து கார்பனைப் பிடிக்கிற விதம் வேற, பனை பிடிக்கிற விதம் வேற. அதனால சர்க்கரைக்குள்ள கார்பன்-13ங்கிற கொஞ்சம் கனமான கார்பனோட விகிதம் வித்தியாசப்படும். தேன்ல கரும்புச் சர்க்கரை கலந்தா இதை வெச்சுத்தான் பிடிக்கிறாங்க. அதுக்கு நல்ல லேப் வேணும், விரலால பானையை வழிச்சா தெரியாது.

அதே மூச்சுல இன்னொண்ணு. சுகர் உள்ளவங்க கருப்பட்டி தாராளமா சாப்பிடலாம்னு விக்கிறவனும் எங்களுக்கு எதிரிதான். அது சர்க்கரை. டாக்டர் வேண்டாம்னா வேண்டாம். நாங்க பாக்கெட்டுல அப்படி எழுதினதே இல்ல, எழுதினா இன்னும் கூட வித்திருப்போம்.

"உணர்ச்சிவசப்படாதீங்க அண்ணாச்சி"ன்னு ஒருத்தர். எப்படிப் படாம இருக்க? 1987 ஜனவரி 1ல கள்ளைத் தடை பண்ணாங்க. அன்னிக்கிருந்து பனையேறி கலயத்தை யாராவது ஒருத்தர் மோந்து பாத்துக்கிட்டேதான் இருக்காங்க. கலயத்துல சுண்ணாம்பு இருக்கான்னு காக்கிச் சட்டை பாக்கும். இல்லன்னா கலயத்தை ஒடைக்கும், ஆளைக் கூட்டிட்டுப் போகும். இப்ப புதுசா ஒரு கூட்டம் வந்து, சுண்ணாம்பு ஏன் இருக்குன்னு கேக்குது. போட்டாலும் குத்தம், போடாட்டியும் குத்தம். அப்ப பனையேறி என்னதான் செய்யணும்? 1978லருந்து பனை மாநில மரம். வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021ல அறிவிப்பும் வந்தாச்சு. மரத்துக்குக் காவல் போட்டாச்சு, நல்ல விஷயம். ஏறுறவன் விழுந்து இடுப்பொடிஞ்சு கிடந்தா எட்டிப் பாக்க ஆள் இல்ல. அவன் பையன் திருப்பூருக்குப் பஸ் ஏறாம என்ன செய்வான்? இன்னும் பத்துப் பதினைஞ்சு வருஷம் கழிச்சு வாங்க, வழிச்சுக் காட்டக் கலயமே இருக்காது.

ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருக்கு. தம்பி, விடிலிக்கு வந்ததும் நீங்க ரெண்டு பட்டை பதநீர் குடிச்சீங்க. ஒண்ணுல மாங்காய் சீவிப் போட்டுக் கேட்டீங்க, மைனி போட்டுக் குடுத்தாவ. போறப்ப சில்லுக்கருப்பட்டி ஒரு ஓலைக்கொட்டான் குடுத்து விட்டாவ, காசு வாங்கல. வயித்துக்கு ஒண்ணும் ஆகலதான? மறுநாள் எடிட்டிங்ல உக்காந்து, வட்டம் போடத் தெம்பு இருந்துச்சே.

"வீடியோவை எடுக்கச் சொல்லி ரிப்போர்ட் அடிக்கவா?"ன்னு கேக்குறவங்களுக்கு, வேண்டாம். அது கிடக்கட்டும். ஆர்டர் போட்டுட்டு இப்ப யோசிக்கிறவங்க தாராளமா ரத்து பண்ணிக்கலாம், பணம் திரும்ப வந்துரும், நான் கோவிச்சுக்க மாட்டேன். வாங்குறவங்க ஆடி முடியுறதுக்குள்ள சொல்லிருங்க, அதுக்கப்புறம் பாளை ஓஞ்சிரும். வாங்கினதை பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காதீங்க, வேர்த்து இளகும். ஓலைப்பெட்டியில போட்டு, அடுப்புப் புகை படுற பரண்ல வைங்க. பரண் இல்லாத வீடுன்னா காத்துப் போகாத எவர்சில்வர் டப்பா. ஐப்பசி மழையில லேசாக் கசியத்தான் செய்யும். அதைப் படம் பிடிச்சு எனக்கு அனுப்பாதீங்க, கசிஞ்ச பக்கத்தை முதல்ல காப்பிக்குப் போடுங்க.