'வேண்டாம்' என்று ஒரு பொத்தான் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

காலையில் மடிக்கணினியைத் திறந்தால் மறுபடியும் விண்டோஸின் அந்த முழுத்திரை அழைப்பு. கோப்புகளை மேகத்தில், அதாவது மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பில், பத்திரப்படுத்த வேண்டுமாம். கீழே இரண்டே பொத்தான்கள்: 'தொடர்க', '3 நாள் கழித்து நினைவூட்டு'. வேண்டாம் என்று சொல்ல இடமே இல்லை. என் காசு போட்டு வாங்கிய கணினி இது!

போன மாதம் பட்டது போதாதா? என்னைக் கேட்காமலே டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள் மூன்றையும் இந்த ஒன்டிரைவ் வாரித் தன் ஃபோல்டருக்குள் போட்டுக்கொண்டது. இலவச இடம் 5 ஜிபி. நிரம்பியதும் பணம் கட்டு என்று நச்சரிப்பு. சரி, தொலையட்டும் என்று பேக்கப்பை அணைத்தேன். அவ்வளவுதான், டெஸ்க்டாப் வழித்துத் துடைத்த மாதிரி காலி. வீட்டு வரி ரசீது இல்லை. அப்பாவின் மருத்துவ ரிப்போர்ட் இல்லை. மூலையில் ஒரே ஒரு ஷார்ட்கட்: 'என் கோப்புகள் எங்கே?' அதைத்தானய்யா நானும் கேட்கிறேன்! இரவு பதினொன்றரைக்கு எனக்குக் கை நடுங்கிவிட்டது. சி டிரைவ், யூசர்ஸ், என் பெயர், அதற்குள் மேக ஃபோல்டர், அதற்குள் இன்னொரு டெஸ்க்டாப். அங்கே கிடந்தது எல்லாம். பாதிக் கோப்புகளின் பக்கத்தில் சின்ன மேகப் படம். அதாவது கோப்பு என் கணினியிலேயே இல்லை, இணையத்திலிருந்து இறக்க வேண்டும். ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு முடிக்கும்போது மணி ஒன்றேகால். அப்புறம் ஒன்டிரைவை அன்இன்ஸ்டாலே செய்தேன். அப்டேட் வந்தது, அதுவும் திரும்பி வந்தது.

இந்த அழைப்பை நிறுத்தும் சுவிட்ச் எங்கே தெரியுமா? செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ், அதற்கும் அடியில் 'கூடுதல் அமைப்புகள்'. கூடத்து விளக்குக்கு மொட்டை மாடியில் சுவிட்ச் வைப்பார்களா யாராவது?

பிரவுசரை விண்டோஸ் இயங்குதளத்தோடு ஒட்டி விற்றதற்கு மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு 1998-லேயே வழக்குப் போட்டது. மீடியா பிளேயரைக் கட்டாயமாகச் சேர்த்தது உட்பட்ட குற்றங்களுக்கு 2004-இல் ஐரோப்பிய ஆணையம் 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. பிளேயர் இல்லாத விண்டோஸ் பதிப்பும் வந்தது, ஆனால் விலை அதே விலை, யார் வாங்குவார்கள்? இத்தனைக்கும் பிறகு இங்கே நான் நோட்டிஃபிகேஷனுக்கு அடியில் துழாவிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி வாங்கிய புது மடிக்கணினியில் வலப்பக்கக் கண்ட்ரோல் விசையையே காணோம். அந்த இடத்தில் ஏஐ உதவியாளருக்கென்று ஒரு விசை. மென்பொருளையாவது தேடிப் பிடித்து அணைக்கலாம். விசையை என்ன செய்ய, பிடுங்கியா எறிவது?