முகாம் எத்தனை மணிக்கு?
கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்கள் வராததற்கு விழிப்புணர்வு இல்லாததே காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாம்பன் பக்கம் வந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். எங்கள் தெருவில் பாதிப் பேர் கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு காலையிலேயே வள்ளம் ஏறினால் கரை திரும்ப மதியம் தாண்டிவிடும். போன மாத முகாமோ பத்து மணி முதல் ஒரு மணி வரை. என் சின்னம்மா ஈரச் சேலையோடு போய் நின்றபோது மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். “அடுத்த தடவை வாங்கம்மா” என்றார்களாம்.

இத்தனைக்கும் பெரிய கருவி எதுவும் வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற நர்சுகளே நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்த்தார்கள். வினிகரில் இருக்கிற அதே அமிலம்தான்; ஒரு நிமிடத்தில் சந்தேகமான இடம் வெளுத்துக் காட்டும். இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் முடிவு வெளியானது.

கடலுக்குப் போகாத நாள் எது என்று பாசிப் பெண்களிடம் கேட்டாலே சொல்வார்கள். அன்றைக்கு முகாம் வையுங்கள், சரியா? அப்புறம், வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று ஆண்களின் வாயையும் திறந்து பாருங்கள். கன்னத்தில் புகையிலையை அதக்கிக்கொண்டேதான் வலை பின்னுகிறார்கள்.