பேராக் வானத்தில் பறந்தவையும் நம் கண்ணாடி அலமாரிகளும்

உலோக வார்ப்பில் செய்த சிற்றுருக்களான டைகாஸ்ட் போர் விமான மாதிரிகளைச் சேகரிக்கும் நம்மவர்களின் அலமாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 1940-இல் பிரிட்டன் வான்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர், பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஜப்பானியச் சீரோ, 1944 நார்மண்டித் தரையிறக்கத்துக்காகக் கறுப்பு வெள்ளைக் கோடுகள் தீட்டிய டக்கோட்டா போக்குவரத்து விமானம் என எல்லார் வீட்டிலும் ஒரே வரிசைதான் நிற்கிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் குடியிருந்துகொண்டு, நம் தாத்தா பாட்டிமார் பால்மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்த விமானங்களில் ஒன்றுகூட இடம்பெறாத சேகரிப்பை என்னால் முழுமையானதென்று ஏற்க முடியவில்லை. வாங்குபவரின் விருப்பம் அது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். விருப்பம்தான், ஆனால் அதைக் கடைக்காரரின் பட்டியல் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது என்பதே என் வாதம்.

சீரோவையே எடுத்துக்கொள்வோம். 1941 டிசம்பரில் மலாயாவின் மேல் தங்களைத் தாக்கியவை சீரோக்கள் என்றே பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய விமானிகள் பலர் நம்பினார்கள். உண்மையில் அவர்கள் எதிர்கொண்டவற்றில் பல, ஜப்பானியத் தரைப்படைக்குச் சொந்தமான நாக்கஜிமா கி-43 ஹயபுசா விமானங்கள், சீரோவோ கடற்படையுடையது. தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆனால் கையளவு மாதிரியைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பவருக்கு அந்தச் சாக்கு கிடையாது: சீரோவின் சிறகுகளில் 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் உண்டு, ஹயபுசாவின் சிறகுகளில் ஆயுதமே இல்லை, அதன் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளும் மூக்கின் மேற்புறத்தில் பொருத்தப்பட்டவை. பேராக்கின் கதையைச் சொல்ல விரும்புபவர் வாங்க வேண்டியது ஹயபுசாவைத்தான்.

அதற்கு எதிரே வைக்கத் தக்கது பிரூஸ்டர் பஃபலோ. ஆஸ்திரேலிய விமானப்படையின் 453-ஆவது அணி அந்த டிசம்பரில் சில நாட்கள் ஈப்போவிலிருந்தும், பிறகு கோலாலம்பூரிலிருந்தும் இதே விமானத்தில்தான் போரிட்டது. எடை கூடியதும் எஞ்சின் வலு போதாததுமான அந்த விமானங்கள் இங்கே படுதோல்வி கண்டன; அதே குடும்பத்தைச் சேர்ந்த எடை குறைந்த பஃபலோக்களைக் கொண்டு பின்லாந்து விமானிகள் சோவியத் விமானங்களைத் திணறடித்தார்கள். வென்றவர்களின் வண்ணத்துக்கே மவுசு என்பதால் நம்மவர்களும் பின்லாந்துப் பஃபலோவையே தேடுகிறார்கள். 1:72 அளவில், அதாவது உண்மை விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில், பதினைந்து சென்டிமீட்டர்கூட அகலம் இல்லாத, அலமாரியின் எந்த மூலையிலும் அடங்கிவிடும் மாதிரி அது. நம் ஊர் வண்ணத்தில் கிடைத்தால் விடாமல் வாங்குங்கள்.

ஹயபுசாவை வீட்டில் வைத்தபோது என் பெரியப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராத உறவினர்களைக் கொண்ட குடும்பத்தில் விமானத்தில் உள்ள அந்த ஜப்பானியச் சிவப்பு வட்டம் வெறும் வண்ணமாகத் தெரியாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த விமானத்தை ஒதுக்கிவிட்டு அந்தக் காலத்தைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. அதன் கீழே உள்ள அட்டையில் விமானத்தின் பெயரோடு சயாம் ரயிலையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை எதிர்த்துப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலத்துக்கு வந்தால் புறக்கணிப்பு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1948 ஜூன் 16-ஆம் நாள் எல்ஃபில் தோட்டம் உட்பட நம் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து 1960 வரை மலாயாவின் காடுகளுக்கு மேல் விமானங்கள் ஓயாமல் பறந்தன. பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர் தன் கடைசித் தாக்குதலை நடத்திய இடம் ஐரோப்பா அன்று. 1951 ஜனவரி 1-ஆம் நாள், ஜொகூரின் கோத்தா திங்கிப் பகுதி. 60-ஆவது அணியின் அந்த ஸ்பிட்ஃபயர், கிரிஃபன் எஞ்சினும் ஐந்து இதழ் சுழலியும் குமிழ் போன்ற கண்ணாடி மூடியும் கொண்ட பிந்தைய வகை. 1940-ஆம் ஆண்டு மாதிரிக்கு வேறு வண்ணம் பூசி அதை உருவாக்கிவிட முடியாது. தனி அச்சு வேண்டும். ஓர் அச்சைச் செதுக்கும் செலவை அதிலிருந்து பல வண்ணங்களில் மாதிரிகளை வெளியிட்டுத்தான் நிறுவனங்கள் ஈடுகட்டுகின்றன என்பதால், கேட்பார் இல்லாத வகை பட்டியலில் ஏறுவதில்லை.

ஆஸ்திரேலியாவின் 1-ஆவது அணி 1950 முதல் 1958 வரை சிங்கப்பூரின் தெங்கா தளத்திலிருந்து பறக்கவிட்ட லிங்கன் குண்டுவீச்சு விமானத்தைப் பற்றிக் கனவு மட்டுமே காண்கிறேன். 1:72 அளவில் அதன் சிறகு அரை மீட்டரைத் தாண்டும் என்பதால், வாங்குமுன் வீட்டுக்காரம்மாவிடம் அனுமதி பெறுவது நல்லது. அது வீசிய குண்டுகளில் பெரும்பகுதி காட்டைத்தான் அழித்தது என்பது பின்னாளைய ஆய்வாளர்கள் பலரின் முடிவு. அதையும் அட்டையில் எழுதத்தான் வேண்டும்.

நான் மிகவும் மதிப்பது டக்கோட்டாவை. காட்டிலிருந்த படையினருக்குப் பாரசூட்டில் அரிசியும் மருந்தும் போட்டதும், கோடிக்கணக்கான துண்டறிக்கைகளைத் தூவியதும், ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தாழப் பறந்து கெரில்லாக்களைச் சரணடையச் சொன்னதும் அதுதான். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, அரிசியை அளந்து கொடுத்த அந்த நாட்களில் வானத்திலிருந்து வந்த அந்தக் குரலைப் பேயின் குரல் என்று பிள்ளைகள் பயந்தார்கள் எனப் பாட்டி சொல்வார். ஆனால் கடையில் கிடைக்கும் டக்கோட்டா அநேகமாக எப்போதும் 1944 ஜூன் மாதத்துக் கோடுகளோடுதான் வருகிறது.

ஆகவே என்னிடமுள்ள 1:72 டக்கோட்டாவின் கோடுகளை நீக்கி, அவசரகாலத்து வெள்ளி நிறத்துக்கு மாற்ற முடிவு செய்திருக்கிறேன். தொழிற்சாலை வண்ணத்தைத் தொட்டால் மறுவிற்பனை மதிப்புப் போய்விடும் என்று நம் குழுவில் சிலர் கொதிப்பார்கள். பெட்டி பிரிக்காமல் அடுக்கிவைத்து விலை ஏறக் காத்திருப்பது வணிகம். அதில் தவறில்லை, எனக்கு அதில் நாட்டமும் இல்லை. அந்தக் காலத்து மலாயா டக்கோட்டாவின் பக்கவாட்டுப் படம் உங்கள் குடும்பத் தொகுப்பில் இருந்தால் அனுப்பி உதவுங்கள். வாலருகே உள்ள எண் தெளிவாகத் தெரிந்தால் அதையே வரையச் சொல்கிறேன்.