நோபிடா ஏன் அடுத்த வகுப்புக்குப் போவதில்லை?

கோடை விடுமுறைக்கு அக்கா மகள் திருநெல்வேலிக்கு வந்திருந்தாள். பல் தேய்ப்பதற்கு முன்பே டோரேமானைப் போட்டுவிடுவாள். அம்மா வந்து தொலைக்காட்சியை அணைக்கும்வரை அதே நீலப் பூனைதான். மூன்றாம் நாள் காபி டம்ளரோடு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். விளம்பர இடைவேளையில் கேட்டாள்: "மாமா, இந்த நோபிடா எப்போதும் அதே வகுப்பிலேயே இருக்கிறானே, ஏன்?"

"படிக்கமாட்டான். அதனால் ஃபெயில்" என்றேன்.

"ஷிசுகா நன்றாகத்தானே படிக்கிறாள்? அவளும் ஏன் அதே வகுப்பில் இருக்கிறாள்?"

காபி ஆறிவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னோடு அடுக்களைவரை வந்தது.

அதே வாரம் நண்பர் ஒருவர், இணையத்தொடருக்காக எழுதிய கதைக்கருவை அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார். ஒரு கிராமம், ஒரு பாழுங்கிணறு, அமாவாசைக்கு அமாவாசை ஒருவர் காணாமல் போகிறார். நல்ல ஒருவரிதான் (கதையை ஒரே வரியில் சொல்லும் கரு), படித்ததும் முதுகில் சில்லென்றது. "பத்தாவது அமாவாசையில் என்ன நடக்கும்?" என்று கேட்டேன். "மொத்தமே எட்டு அத்தியாயம்தான்" என்றார். எனக்கு ஏனோ உற்சாகம் வடிந்துவிட்டது.

என் கட்சி இதுதான். சினிமாவின் ஒருவரி என்ன நடக்கப்போகிறது என்று சொல்லும். நீண்டு ஓடும் தொலைக்காட்சித் தொடரின் ஒருவரிக்கு வேறு வேலை. எது நடக்கவே கூடாது என்று அது சொல்ல வேண்டும். அந்த ஒரு 'கூடாது' பலமாக இருந்தால் தொடர் இருபது ஆண்டுகள்கூட ஓடும். அதைத் தளர்த்திய வாரம் தொடருக்குச் சளி பிடிக்கும்.

நோபிடாவையே எடுத்துக்கொள்வோம். இவன் வளர்ந்து, கடனை இழுத்து வைத்து, சந்ததியையே தரித்திரத்தில் தள்ளிவிடுகிறான். அதனால் அவனுடைய வருங்காலக் கொள்ளுப்பேரன் வகையறா ஒரு ரோபோ பூனையைக் காலத்தில் பின்னோக்கி அனுப்புகிறான், தாத்தாவைத் திருத்த. பூனையின் வேலை நோபிடாவைத் திருத்துவது. திருத்திவிட்டால் பூனைக்கு வேலை இல்லை, நமக்குத் தொடர் இல்லை. ஆகவே நோபிடா திருந்தக் கூடாது. ஒவ்வொரு நாளும் அழுதுகொண்டு வருவான், பூனை வயிற்றுப் பையிலிருந்து ஒரு கருவியை எடுக்கும், இவன் அதைப் பேராசையோடு பயன்படுத்திக் குட்டுப்படுவான்.

ஜப்பானிய ஓவியர் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ இதைச் சித்திரக்கதையாகத் தொடங்கியது 1970 ஜனவரி இதழ்களில். இதழ்கள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஷோகாகுகான் பதிப்பகம் அங்கே வகுப்புவாரியாகக் குழந்தைகளுக்கு மாத இதழ் நடத்தியது. மழலையருக்கு ஒன்று, ஒன்றாம் வகுப்புக்கு ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஒன்று. ஆறு இதழ்களில் ஒரே மாதம் டோரேமான் வந்தது. படித்த பிள்ளைகள் ஆண்டுதோறும் வகுப்பு மாறி, இதழும் மாறிக்கொண்டே போனார்கள். நோபிடா எல்லா இதழ்களிலும் அப்படியே நின்றான்.

1974 மார்ச்சில், மூன்றாம் வகுப்பு இதழில், டோரேமான் விடைபெற்று எதிர்காலத்துக்குத் திரும்பிப் போகும் கதை வந்தது. ஜப்பானில் பள்ளி ஆண்டு முடிவது மார்ச்சில்தான் என்பதைச் சேர்த்து நினைத்துப் பாருங்கள். போவதற்கு முந்தைய இரவு, பூனை நிம்மதியாகப் போகட்டும் என்பதற்காக, நோபிடா யார் துணையும் இல்லாமல் முரட்டுப்பையன் ஜியானோடு மோதுகிறான். அடிமேல் அடி வாங்கியும் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். கடைசியில் ஜியானே சலித்துப்போய்த் தோல்வியை ஒப்புக்கொண்டு போய்விடுகிறான். அதாவது நோபிடா திருந்திவிட்டான். நடக்கக் கூடாதது நடந்துவிட்டது, கதையும் முடிந்தது.

அடுத்த மாதம் அதே பிள்ளைகள் நான்காம் வகுப்பு இதழைப் பிரித்தால், பூனை திரும்பி வந்திருந்தது. வந்த விதமும் அழகு. ஏப்ரல் முதல் தேதி. டோரேமான் வந்துவிட்டான் என்று ஜியான் பொய் சொல்லி ஏமாற்றுகிறான். பூனை விட்டுப்போன பெட்டியில் ஒரு மருந்து இருக்கிறது. அதைக் குடித்துவிட்டுச் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடும். ஏமாற்றியவர்களைப் பழிவாங்கிவிட்டு, மனம் ஆறாமல் நோபிடா சொல்கிறான்: டோரேமான் இனித் திரும்பி வரவே மாட்டான். அறைக்குள் போனால் பூனை இருக்கிறது. நடுத்தர வயதில் இதைப் படித்து மூக்கை உறிஞ்சியவன் நான் ஒருவனாக இருக்க முடியாது.

அமெரிக்காவிலும் இவன் வயதில் ஒருவன் இருக்கிறான். சிம்ப்சன்ஸ் தொடரின் பார்ட். 1989 டிசம்பரில் தனித்தொடராகத் தொடங்கியபோது பத்து வயது, இன்றும் பத்து வயது. வரைந்த பிள்ளைகளுக்கு இந்த வசதி உண்டு. நடிகர்களை வைத்து எடுக்கும் நகைச்சுவைத் தொடருக்கு முகத்தில் சுருக்கம் விழும், தலை நரைக்கும். அங்கே மாறாமையை வேறு இடத்தில் ஒளித்து வைக்க வேண்டும்.

செயின்ஃபெல்ட் என்ற அமெரிக்கத் தொடர் அதைப் பாத்திரங்களின் குணத்தில் வைத்தது. 'ஒன்றுமில்லாததைப் பற்றிய தொடர்' என்று அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது தொடருக்குள்ளேயே பாத்திரங்கள் அடித்த ஒரு நையாண்டி. ஒரு மேடைச் சிரிப்பு நடிகனுக்கு எங்கிருந்து விஷயம் கிடைக்கிறது என்பதுதான் தொடக்கத்தில் வைத்த கரு. ஆனால் அந்தத் தொடரை உண்மையில் தாங்கியது, அதைப் படைத்தவர்களில் ஒருவரான லாரி டேவிட் வகுத்த இரண்டே விதிகள்: யாரும் கட்டிப்பிடித்து உருகக் கூடாது, யாரும் பாடம் கற்கக் கூடாது. எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி வரை வெட்டிப் பேச்சுப் பேசும் நாலு பேரை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான். 1991-இல் ஓர் அத்தியாயம் முழுக்க, சீன உணவகத்தில் மேசை காலியாவதற்குக் காத்திருப்பதிலேயே போனது. கதை எங்கே என்று தொலைக்காட்சி நிறுவனத்தார் கேட்டார்கள். பெரிதாக மாற்றச் சொன்னால் விலகிவிடுவேன் என்று டேவிட் மிரட்டியதாகச் சொல்வார்கள். 1998-இல் கடைசி அத்தியாயத்தில் தொடரின் நண்பர்கள் நால்வரும் சிறையில் உட்கார்ந்து பேசும் பேச்சு, அவர்களில் ஒருவனான ஜார்ஜின் சட்டைப் பொத்தான் தப்பான இடத்தில் இருக்கிறது என்பது. முதல் அத்தியாயத்தில் பேசியதும் அதே பொத்தான்தான். ஒன்பது ஆண்டுகள் ஓடியும் ஒரு பொத்தான் அளவுக்குக்கூட அவர்கள் நகரவில்லை. அந்த முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்கு மிகவும் பிடிக்கும்.

மர்மத் தொடர்களுக்கு வரும்போதுதான் சிக்கல். மர்மம் என்றாலே கேள்வி, கேள்விக்குப் பதில் வந்தாக வேண்டும். நடக்கவே கூடாதது நடந்தே தீர வேண்டிய வகை இது.

டேவிட் லின்ச்சும் மார்க் ஃப்ராஸ்டும் 1990 ஏப்ரலில் ட்வின் பீக்ஸ் தொடரைக் கொண்டுவந்தார்கள். லாரா பாமர் என்ற பள்ளி மாணவியின் உடல், பிளாஸ்டிக் தாளில் சுற்றப்பட்டுக் கரையில் ஒதுங்குகிறது. யார் கொன்றது? அமெரிக்கா முழுக்க அதே பேச்சு. ஆனால் எடுத்தவர்களுக்கு, குறிப்பாக லின்ச்சுக்கு, அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் எண்ணமே இல்லை. கேள்வி பின்னணியில் கிடக்க, ஊர்க்காரர்களின் ரகசியங்களைக் காட்டிக்கொண்டே போகலாம் என்பது அவர்கள் கணக்கு. நிறுவனம் நெருக்கியது. அந்த ஆண்டு நவம்பரிலேயே கொலையாளி யார் என்று காட்டிவிட்டார்கள். அடுத்த ஜூனில் தொடர் முடிந்தது. பொன்முட்டையிடும் வாத்தை அறுத்துவிட்டோம் என்று லின்ச் பின்னால் புலம்பினார். எனக்கு இதில் இரண்டு மனம். வாத்தை அறுத்தது தவறுதான். ஆனால், கொலையாளி யார் என்று தினமும் ஆசை காட்டிவிட்டு, சொல்லவே போவதில்லை என்பது பார்ப்பவனைப் பந்தியில் உட்காரவைத்து இலை போடாமல் இருப்பது போல அல்லவா? வைத்த 'கூடாது' சரி, அதைப் பார்ப்பவனிடம் மறைத்ததுதான் பிழை.

கொலம்போ இந்தச் சிக்கலை வேறு பக்கமாகக் கடந்துபோனது. (நம் கொழும்பு இல்லை, லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை லெப்டினன்ட்.) ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற பள்ளிக்காலத் தோழர்கள் இருவர் படைத்த பாத்திரம். 1968-இல் ஒரு தொலைக்காட்சிப் படமாக வந்து, 1971 செப்டம்பரில் தொடரானது. அந்தத் தொடரின் முதல் அத்தியாயத்தை இயக்கியவர் இருபத்து நான்கு வயது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்.

அத்தியாயம் தொடங்கியதும் கொலை நம் கண்முன்னே நடக்கும். யார், ஏன், எப்படி, எல்லாம் தெரிந்துவிடும். கொலை செய்பவர் பெரும்பாலும் பணக்காரர், படித்தவர், பங்களாக்காரர். அதற்குப் பிறகுதான் கசங்கிய மழைக்கோட்டும் அணைந்த சுருட்டுமாக, ஓட்டை பெஜோ காரில் கொலம்போவாக நடிக்கும் பீட்டர் ஃபாக் வந்து இறங்குவார். மர்மத் தொடரின் முதல் சொத்தான 'யார்' என்ற கேள்வியை முதல் கால் மணி நேரத்திலேயே வாரி இறைத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று: இவன் எப்படிப் பிடிபடுவான்? அதற்கு எத்தனை வாரம் வேண்டுமானாலும் விடை சொல்லலாம். 2003 வரை அறுபத்தொன்பது அத்தியாயங்கள் வந்தன.

இங்கேயும் 'கூடாது' உண்டு. கொலம்போ மிடுக்காகக் கூடாது. அவர் எந்நேரமும் பேச்சில் இழுக்கிற அந்த மனைவி திரையில் வரக் கூடாது. கோபப்படவும் கூடாது. போகிறேன் என்று வாசல்வரை போய், விரலைத் தூக்கி, "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று திரும்பும்போது எதிராளி அவரைக் கிறுக்கன் என்று நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் புகழ்பெற்ற திரும்புதல் பிறந்த கதை இன்னும் வேடிக்கை. எழுதி முடித்த காட்சி நீளம் போதவில்லை, மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்யச் சோம்பல், அதனால் வெளியே போனவரையே திரும்பி வரவைத்துவிட்டார்களாம்.

கோபப்படக் கூடாது என்ற அந்த விதியை மீறி, லியோனார்ட் நிமாய் அறுவை மருத்துவராக வரும் 1973 அத்தியாயத்தில் கொலம்போ ஒரு தண்ணீர்க் கூஜாவை மேசையில் ஓங்கி அடித்துச் சீறுவார். சில நொடிகள்தான். கட்டிலில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பது அத்தியாயம் கத்தும் போலீஸ்காரர்களிடம் இந்த இடி கிடைக்காது.

பேய்களைத் துப்பறியும் கார்ட்டூனான ஸ்கூபி டூவைப் பற்றி இரண்டு வரி. 1969-இல் வந்த முதல் தொடரின் விதி, பேய் ஒருபோதும் பேயாக இருக்கக் கூடாது என்பது. முகமூடியைக் கழற்றினால் உள்ளே நிலத்தரகனோ கள்ளநோட்டுக்காரனோ இருப்பான். இப்படி ஒரு பகுத்தறிவுக் கார்ட்டூனை எந்தக் கழகமும் உரிமை கொண்டாடாமல் விட்டது ஆச்சரியம். பின்னாளில் உண்மைப் பேய்களை உள்ளே விட்டார்கள். 1985-இல் பதின்மூன்று பேய்களைப் பிடிக்கப் புறப்பட்ட தொடர், பதின்மூன்று அத்தியாயத்தில் கடையைக் கட்டியது.

நம் வீட்டில் மர்மம் என்றால் மர்மதேசம். நாகா இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் கதை. பள்ளிக்கூட வயதில் 'விடாது கருப்பு' பார்த்துவிட்டுக் கொல்லைப்புறம் போகத் துணைக்கு ஆள் தேடியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அதன் வழி வேறு. ஒரு கதையை முடித்துவிட்டு, அதே தலைப்பின் கீழ் வேறு ஊர், வேறு மனிதர்கள் என்று புதிதாகத் தொடங்கிவிடுவார்கள். வாத்தை அறுத்தாலும் அடுத்த வாத்து தயாராக இருந்தது.

என் கட்சிக்கு எதிராக ஒரு தொடரைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. மைக்கேல் ஷுர் எடுத்த தி குட் பிளேஸ். வாழ்நாளெல்லாம் சுயநலமாக இருந்த ஒருத்தி செத்துப்போய், ஆள்மாறாட்டத்தில் சொர்க்கத்துக்கு வந்துவிடுகிறாள். மாட்டிக்கொள்ளாமல் இருக்க, பக்கத்திலிருக்கும் தத்துவப் பேராசிரியரிடம் ஒழுக்கம் படிக்கிறாள். லாரி டேவிட்டின் விதிக்கு நேர் விரோதம், எல்லாரும் பாடம் கற்கிறார்கள், கட்டியும் பிடிக்கிறார்கள். முதல் பருவத்தின் கடைசியில் தன் ஒருவரியையே அது தலைகீழாக்கும். எப்படி என்று சொன்னால் பாவம் வந்து சேரும். அவ்வளவு செய்தும் நன்றாக ஓடியதே என்றால், ஓடியது நான்கு பருவங்கள், ஐம்பத்து மூன்று அத்தியாயங்கள்தான். போதும் என்று முடிவெடுத்தவர் ஷுரே. மாந்தர்கள் கற்கத் தொடங்கினால் ஒருநாள் தேர்ச்சி பெற்றுத்தானே ஆக வேண்டும்.

நண்பருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். கிணற்றில் யார் விழுகிறார்கள் என்பதை முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிடுங்கள், ஊரில் எவரும் கிணற்றை மூடக் கூடாது என்பதற்கு மட்டும் அசைக்க முடியாத ஒரு காரணம் கண்டுபிடியுங்கள் என்றேன். தயாரிப்பு நிறுவனம் எட்டாவது அத்தியாயத்தில் பெரிய திருப்பம் கேட்கிறது என்று பதில் வந்தது. அவர் பிழைப்பு அவருக்கு.

ஊருக்குப் போகும் அன்று மாலை அக்கா மகளுக்கு அந்த மார்ச், ஏப்ரல் கதைகளைச் சொன்னேன். ஆறு வயதில் "நோபிடா அண்ணா" என்று அழைத்தவள் இப்போது வெறும் நோபிடா என்கிறாள், வயது சமமாகிவிட்டது. வாயைத் திறந்தபடி கேட்டுவிட்டு, "அந்த மருந்து மிச்சம் இருக்குமா, மாமா?" என்றாள். இருக்கும் என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையை மாட்டிக்கொண்டு, மேசையிலிருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாசலில் நின்று என் அம்மாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "ஆச்சி, நான் இனிமேல் இந்த வீட்டுக்கு வரவே மாட்டேன்!"

அம்மா திருநீற்றுக் கிண்ணத்தோடு பதறி ஓடிவந்தார். "விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சுடி இது? வாயைக் கழுவு முதலில்!"